ஏழாவது குள்ளர் வீடு

வியாழக்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து சனிக்கிழமை காலை ஏழு மணி வரை, சரியாக நாற்பத்தொரு மணி நேரம், தாண்டவராயன் வாயைத் திறக்கவில்லை.

சிங்கவரத்தில் இது சாதாரண விஷயம் அல்ல. வாய் நிறைய வெற்றிலை இருக்கும்போதும் பேசுகிற ஆள் அவர். தூக்கத்தில்கூட யாருக்காவது பதில் சொல்லிக்கொண்டிருப்பார். முதல் நாள் அவர் மனைவி ராஜாம்பாள் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொடுத்தாள். வாங்கி மென்றார். மறுநாள் வயிற்றுக் கோளாறாக இருக்கும் என்று ஓமத் தண்ணீர் கொடுத்தாள். குடித்தார். சனிக்கிழமை காலை, வேப்பிலை அடித்து மந்திரிக்க ஆள் கூப்பிடப்போவதாகச் சொன்னாள்.

"வேணாம்" என்றார் தாண்டவராயன். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

எல்லாவற்றுக்கும் காரணம் கல் ஆபீசர். பெயர் இளையபெருமாள். சென்னையிலிருந்து வந்த ஆராய்ச்சிக்காரர். செஞ்சிக்கு வருகிறவர்கள் கோட்டையைப் பார்க்க வருவார்கள். இவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "அது நேத்து கட்டினது" என்றார். அவ்வளவு பெரிய கோட்டையை நேற்று என்று சொன்ன மனிதரை ஊர் உடனே மதித்தது.

அவர் தேடி வந்தது குள்ளர் வீடுகளை. தாண்டவராயன் நிலத்தை ஒட்டிய பாறை மேட்டில் அவை இருந்தன. நாலு பக்கமும் கற்பலகை, மேலே ஒரு மூடுபலகை, இடுப்பளவு உயரம். ஒரு பக்கப் பலகையில் மட்டும் தேங்காய் நுழையும் அளவுக்கு வட்டமாக ஒரு துளை. முன்காலத்தில் குள்ளர்கள் குடியிருந்தார்கள் என்று ஊர் சொல்லும். எத்தனை வீடு என்று யாரும் எண்ணியதில்லை. ஒருவர் ஐந்து என்பார், இன்னொருவர் பன்னிரண்டு என்பார்.

இளையபெருமாள் எண்ணினார். மேட்டின் மேல் ஆறு. ஏழாவது மட்டும் இருநூறு கஜம் தள்ளி, கீழே, ஓர் உருண்டைப் பாறையின் மறைவில், தாண்டவராயன் நிலத்தின் மூலையில் இருந்தது. மேலே இருந்தவை சரிந்தும் உடைந்தும் கிடந்தன. ஏழாவது, மேற்கே ஆள் நுழையும் அளவு ஒரு சந்தோடு, அசையாமல் நின்றது.

"இதுதான் முத்து" என்றார் இளையபெருமாள். உள்ளே தலையை விட்டு, இடித்துக்கொண்டு, நெற்றியைத் தேய்த்தபடி வெளியே வந்தார். "செத்தவங்களை வெச்ச இடம். சாதாரண ஆள் இல்லை. பெரிய வீரனா இருக்கணும். அதான் தனியா வெச்சிருக்காங்க. உள்ளே பதினோரு கோடு கீறியிருக்கு, ஏதோ நிலாக் கணக்கு. துளை சரியாக் கிழக்கே பார்க்குது. அந்த மூடுபலகையை ஏத்தவே அறுபது ஆள் வேணும்."

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி இரண்டு. "இதைச் சுத்தி நூறு கஜத்துக்குள்ள வெடி வைக்கக் கூடாதுன்னு எழுதப்போறேன்."

தாண்டவராயன் வாய் அப்போது மூடியதுதான்.

திங்கட்கிழமை கிணறு வெட்ட வெடிக்காரர்கள் வருவதாக இருந்தது. நீரோட்டம் பார்க்கிறவர் குச்சியோடு நிலம் முழுக்க நடந்து, ஏழாவது வீட்டிலிருந்து முப்பது கஜத்தில் நின்று, அந்தக் குச்சியை அங்கேயே நட்டுவிட்டுப் போயிருந்தார். வேறு எங்கும் அது அசையவில்லை. மழை ஏமாற்றி இரண்டு வருஷம். ராஜாம்பாளுக்கோ கல்யாணமாகி இருபத்துமூன்று வருஷமாக ஒரே ஆசைதான்: சொந்த நிலத்து நெல்லைக் குத்திச் சோறாக்க வேண்டும். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கும்போதெல்லாம் அதைச் சொல்வாள். விதைநெல்லுக்குக்கூடச் சொல்லி வைத்துவிட்டாள்.

"கல்லக் கொஞ்சம் தள்ளி வெச்சிக்கக் கூடாதா சார்?" என்று இளையபெருமாளிடமே கேட்டாள்.

"கூடாதும்மா. வெச்ச இடத்துல இருந்தாத்தான் அது சாட்சி. ஒருதரம் நகர்த்திட்டா வெறும் கல்லு. அப்புறம் நீங்க அதுல துணி துவைக்கலாம்."

துணி துவைக்கலாம் என்ற சொல்லைத்தான் தாண்டவராயன் நாற்பத்தொரு மணி நேரமும் மென்றுகொண்டிருந்தார்.

சனிக்கிழமை அவர் நேரே போனது காஸ்பரிடம். பக்கத்து நிலத்துக்காரர், சின்ன வயதிலிருந்து கூட்டாளி. காஸ்பர் கடலைக்கொல்லையில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"பேச்சு வந்துட்ச்சா?" என்றார் காஸ்பர், நிமிராமல்.

"இன்னைக்கு பஸ்சுக்கு அந்தாளு கெளம்பறான் காஸ்பரு. எழுதிக் குடுத்துட்டான்னா கெணறு போச்சு."

"அப்ப சொல்லிடு. மேல சரிஞ்சு கெடந்த வீட்ட நாம ரெண்டு பேருந்தான் பலகை பலகையா எறக்கிட்டு வந்து நிறுத்தனோம்னு சொல்லு. நாப்பத்திரண்டுல, சித்திரை மாசம். மண்ணக் கொட்டி சாச்சு மேடு போட்டு, பனந்துண்டு மேல உருட்டி, மூடிய ஏத்தினது யாரு? அறுபது ஆளாமே! ரெண்டு ஆளு, ரெண்டு மாடு. அதுல ஒண்ணு நொண்டி."

காஸ்பருக்கு இது பழைய வலி. வாழ்க்கையில் அவர் கட்டிய ஒரே கட்டடம் அது. வெளியே சொல்ல முடியாது. அந்தோணியார் சுரூபத்துக்கு முன்னால் கைநீட்டிச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார்.

"எதுக்கு நிறுத்தனேன்னு கேப்பான்."

"கேட்டா சொல்லு."

"ராஜாம்பா பக்கத்துல நிப்பா."

காஸ்பர் அடுத்த களையைப் பிடுங்கினார்.

தாண்டவராயனுக்கு ஊரில் 'ஜப்பான் தாண்டவராயன்' என்று பெயர். நாற்பத்திரண்டில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னையே காலியானபோது, ஆர்மோனியமும் கோழிக்கூண்டுமாகச் சனம் செஞ்சியில் வந்து இறங்கியது. எல்லாரும் மேற்கே ஓடி வந்தார்கள். தாண்டவராயன் ஒருவர்தான் கிழக்கே போனார். பதினோரு நாள் சென்னைக் கடற்கரையில், ஆளில்லாத மணலில், சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சைக் காட்டிக்கொண்டு நின்றார். இதைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அவர் சொல்லிக் கேட்காதவர்கள் கிடையாது. அந்தக் கதையைக் கேட்டுத்தான் ராஜாம்பாளின் நைனா, தளவானூரில் கூடுதல் நிலமுள்ள மாப்பிள்ளையை விட்டுவிட்டு, பெண்ணை இங்கே கொடுத்தார். ராஜாம்பாளும் இந்த மண்ணோடு சண்டை வரும்போதெல்லாம், நிலம் விளையாவிட்டால் என்ன, வீரனுக்கு வாழ்க்கைப்பட்டோம் என்று மனதைத் தேற்றிக்கொள்வாள். அதை வாய்விட்டும் சொல்வாள். அதுதான் சங்கடம்.

ஒன்பது மணிக்கு இளையபெருமாள் கேமராவோடு வந்தார். நெற்றியில் பிளாஸ்திரி. காஸ்பரைப் பார்த்ததும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"பெரியவரே, இந்த ஏழாவது எவ்வளவு காலமா இருக்குன்னு உங்க பெரியவங்க சொல்லியிருக்காங்களா?"

காஸ்பர் வானத்தைப் பார்த்தார். "அத நான் சொல்லக் கூடாதுங்க."

"யார் கட்டினதுன்னு?"

"அதயும் சொல்லக் கூடாதுங்க. சாமி குத்தம் ஆயிடும்."

இளையபெருமாள் முகம் மலர்ந்தது. 'உள்ளூர் மக்கள் இதைப் பற்றிப் பேசவும் அஞ்சுகின்றனர்' என்று எழுதி, அடியில் கோடு போட்டார்.

"ஆனா ஒண்ணுங்க" என்றார் காஸ்பர், தாங்க முடியாமல். "அறுபது ஆளு ஆவாதுங்க. அவ்ளோ ஆளுக்கு அங்க நிக்க எடமே கெடையாது."

"அறுபதுதான்" என்றார் இளையபெருமாள். "கணக்குப் போட்டாச்சு."

காஸ்பர் போய்ப் பாறை நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

ராஜாம்பாள் மோர் கொண்டு வந்தாள். மோரைக் குடித்துவிட்டு, இளையபெருமாள் படத்துக்கு ஓர் ஆள் வேண்டும் என்றார். உள்ளே ஒருவர் படுத்தால்தான் பார்க்கிறவர்களுக்கு அளவு தெரியுமாம். முதலில் அவரே நுழைந்து காட்டினார். பிளாஸ்திரிக்குப் பக்கத்தில் இன்னொரு இடம் சிவந்தது.

"யோவ், நீ போய்ப் படு" என்றாள் ராஜாம்பாள் கணவனிடம். "வீரன் படுத்த எடமாம். நீயும் வீரன்தான். ரெண்டு நாளாப் பொணம் மாதிரிதான் இருக்கற, ரெண்டுக்கும் சரியா இருக்கும்."

தாண்டவராயன் துண்டைக் கழற்றிக் காஸ்பரிடம் கொடுத்தார்.

இடது காலை முதலில் விட்டார். இடுப்பை ஒரு சுற்றுத் திருப்பினார். மூடுபலகையின் விளிம்பு வரும் இடத்தில், பார்க்காமலே தலையைச் சாய்த்தார். வலது கையைப் பின்னால் நீட்டி, உள்ளே இருந்த ஒரு பிதுக்கத்தைப் பிடித்து, மேசை இழுப்பறை மூடுவதுபோல் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார். எங்கும் இடிக்கவில்லை.

"அடடா!" என்றார் இளையபெருமாள். "அளவெடுத்த மாதிரி இருக்கு! அந்த வீரன் இவர் உயரந்தான்." கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளிச்சம் தேடி அந்தப் பக்கம் போனார்.

ராஜாம்பாள் சிரிக்கவில்லை. காலி மோர்ச் சொம்பைக் கீழே வைத்தாள். கல் வீட்டைச் சுற்றிக் கிழக்குப் பக்கம் வந்து, குனிந்து, துளைக்கு நேராக முகத்தை வைத்தாள்.

"இன்னாய்யா" என்றாள். "நம்ம வீட்டு நெலப்படியில இருபத்துமூணு வருசமா தெனமும் தலைய இடிச்சிக்கற. இதுல மட்டும் எப்படி இடிக்கல?"

உள்ளே வேட்டி கல்லில் உரசும் சத்தம் கேட்டது.

"சொந்த வீட்டுக்குள்ள போற மாதிரி போற. கையி எங்க பிடிக்கணும்னு உனுக்கு எப்படித் தெரியும்?"

நிழலில் காஸ்பர் சிலுவை போட்டுக்கொண்டார்.

தாண்டவராயனுக்குத் துளை வழியாக அவள் முகம் பாதி தெரிந்தது. அதற்குப் பின்னால் காய்ந்த நிலம், நீரோட்டக்காரர் நட்டுவிட்டுப் போன குச்சி. சத்தம் கேட்டு இளையபெருமாள் கேமராவோடு திரும்பி வந்து நின்றார். அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது.

"ராஜாம்பா."

"சொல்லு."

"நான் பீச்சுக்குப் போவல."

"எந்த பீச்சு?"

"ஜப்பான்காரன் வந்தப்ப. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு வரைக்குந்தான் போனேன். அந்தக் கூட்டத்தப் பாத்துட்டுத் திரும்பி வந்துட்டேன்."

அவள் கண் துளையிலேயே இருந்தது.

"நானும் காஸ்பரும் மேலேர்ந்து இந்தக் கல்லக் கொண்டாந்து வெச்சோம். கெழக்கேர்ந்துதான் ஏரோப்பிளேன் வரும்னு ஓட்டைய அந்தப் பக்கம் திருப்பினோம். பதினோரு நாளு இதுக்குள்ளதான் கெடந்தேன். காஸ்பர் கூழு கொண்டாந்து தருவான்" என்றார் தாண்டவராயன். பிறகு, இருபத்துநாலு வருஷத்தில் முதல் தடவையாக, செருப்புக்காரருக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்:

"எனுக்குப் பயமா இருந்துச்சு."