இரண்டு வாளி எண்ணெய்

எட்டு மாதத்துக்கு முன் ஏணியிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்ட எலக்ட்ரீஷியன், இன்றைக்குத்தான் மறுபடி உயரம் ஏறினார். கிடங்குக் கூரையில் எரியாமல் கிடந்த ஒரே ஒரு விளக்கு. மாற்றிவிட்டால் பழைய வேலை திரும்பக் கிடைக்கும். இல்லையென்றால் வாசல் மேஜையில் உட்கார்ந்து லாரி நம்பர் எழுத வேண்டியதுதான். அந்த மேஜை அவருக்கு எட்டிக்காயாகக் கசந்தது என்பது வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்த ஒருத்திதான் கீழே நின்றாள். அதே கிடங்கின் லிஃப்ட் மெக்கானிக். புருஷன் ஏறப்போகும், கத்தரிபோல் விரிந்து மேடையைத் தூக்கும் கத்தரி லிஃப்டைக் காலையிலிருந்து மூன்று தடவை சோதித்துவிட்டாள். பாவி மனுஷி அத்தனை பார்த்தும், எண்ணெய் ஓடும் ரப்பர் குழாய்க்கு ஈவிரக்கம் உண்டா? மேடை இருபதடி உயரம் போனதும் குழாய் பட்டென்று வெடித்தது. தரையெங்கும் எண்ணெய். மேடை ஒரு குலுங்கு குலுங்கி நின்றது. அவள் பாய்ந்துபோய் மோட்டாரை நிறுத்தினாள்.

மேலே அவர் குந்தி உட்கார்ந்து, தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தார்.

“என்னங்க, பேசுங்க.”

“விழப்போகுது.”

“விழாது.”

“எண்ணெய்தானே இதைத் தூக்கிப் பிடிச்சிருந்துச்சு? அதுதான் தரையில கிடக்கே!”

நியாயமான கேள்விதான்.

“தரையில கிடக்கிறது பம்பு தள்ளிவிட்ட எண்ணெய். உங்களைத் தாங்குறது சிலிண்டருக்குள்ள இருக்கு. அது வாயில ஒரு வால்வு. எண்ணெயை உள்ள விடும், நாமளா திறந்தாத்தான் வெளிய விடும். எண்ணெயை அமுக்கிச் சுருக்க முடியாதுங்க. போக வழியில்லன்னா அது அப்படியே நிக்கும், நீங்களும் நிப்பீங்க.”

அவர் கம்பியை விடாமலே எட்டிப் பார்த்தார். “அந்த வால்வை மாட்டினது யாரு?”

“நான்தான்.”

“சரி, என்ன பண்ணணும் சொல்லு.”

“சும்மா உக்காருங்க. இறங்க மோட்டாரே வேணாம். உங்க கனமே எண்ணெயை வெளிய தள்ளிடும்.”

“என் கனத்தைப் பத்திப் பேசுற நேரமாடி இது?”

அவளுக்கு உயிர் வந்தது. கிழிந்த குழாய்க்கு அடியில் நீளத் துடைப்பத்தால் வாளியைத் தள்ளிவிட்டு, தள்ளி நின்று, வால்வைத் திறந்து மேடையை இறக்கும் கைப்பிடியை மெல்ல இழுத்தாள். எண்ணெய் வாளியில் கொட்ட, மேடை விரற்கடை விரற்கடையாக இறங்கியது. அவர் “நிறுத்து” என்று கத்தினால் கைப்பிடியை விட்டுவிடுவாள். மேடை அங்கேயே நிற்கும். முதல் ஐந்தடிக்குள் ஏழு தடவை கத்தினார். பிறகு கத்தவில்லை.

இரண்டு வாளி நிறைந்தபோது தரை வந்தது. கையெல்லாம் எண்ணெயாக இருந்தும் அவரைக் கட்டிக்கொண்டாள்.

“நான் மேஜைக்கே போயிடறேன்” என்றார் அவர். அவள் வாக்குவாதம் செய்யவில்லை.

புதுக் குழாய் மாட்டி, எண்ணெய் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்று போகும்வரை வெறும் மேடையை ஏற்றி இறக்கினாள். பழுது பார்த்தவர்தான் முதலில் ஏற வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு மேடைக்குள் போனாள். கம்பியைப் பிடித்ததும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டதை அவர் பார்த்துவிட்டார்.

“உனக்கு உயரம்னா பயமா?”

“பத்து வருஷமா. கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஏறுவேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.”

பத்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவருக்கு இது தெரிந்திருக்கவில்லை. புது விளக்கை எடுத்துக்கொண்டு மேடையில் ஏறினார். தன் பெல்ட்டை மாட்டினார்.

“தள்ளி நில்லு. நான் ஓட்டுறேன். என் சட்டையைப் பிடிச்சுக்கோ.”

மோட்டார் உறுமியது. கத்தரிக் கால்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நிமிர்ந்தன. கூரை வந்ததும் அவர் இரண்டு கையையும் உயர்த்திப் பழைய விளக்கைத் திருகத் தொடங்கினார்.

“எவ்வளவு உயரத்துல இருக்கோம்?” கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

அவர் குனிந்து பார்த்தார். முப்பதடிக்குக் குறையாது.

“ஆறடிதான்” என்றார்.

“புளுகு” என்றாள் அவள், சட்டையை விடாமல். அவர் புது விளக்கை மாட்டினார்.