பல்லவி வைத்த காலுறை

சாத்தூரில் நான் பள்ளிக்கூட வாத்தியார். வேதக்கோயிலில் பாடகர் குழுத் தலைவரும் நானே. 1963இல், லடாக் பட்டாளத்தில் இருந்த தம்பி நேசகுமாருக்குக் கம்பளிக் காலுறை பின்ன என் மனைவி ஞானஜோதி உட்கார்ந்தாள். பின்னும் முறை இங்கிலீஷ் புத்தகத்தில் இருந்தது. ஊசி அவள் கையில், புத்தகம் என் கையில்.

முதல் பத்தி வாய்ப்பட்டை, அதாவது காலுறை நழுவாமல் வாயில் இறுக்கிப் பிடிக்கும் பட்டை. அடுத்தடுத்து கணுக்கால், குதிகால், விரல். பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. இது கீர்த்தனை! முதல் பத்தி பல்லவி, மற்ற மூன்றும் சரணம். கோயிலில் ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்புவோம். பாட்டுப் புத்தகம் அதைச் சொல்கிறதா என்ன? ஆகவே, கணுக்கால் முடிந்ததும் மறுபடி வாய்ப்பட்டை. குதிகால் முடிந்ததும் மறுபடி வாய்ப்பட்டை.

"ஏங்க, இது முளங்காலத் தாண்டிருச்சு. அட்டையில இருக்க படத்தப் பாத்தீகளா?" என்றாள்.

"படத்தப் பாத்துப் பின்னவா இம்புட்டு எழுத்து அடிச்சிருக்கான்? இங்கிலீஷ் படிக்கத் தெரிஞ்சவன் சொல்றேன், பின்னு!"

விரலில் முனை மூடிக்கொண்டதால் கடைசிப் பல்லவியை மட்டும் விட வேண்டியதாயிற்று. அதில் எனக்கு வருத்தம்தான். கம்பளிப்பூச்சிபோல் இடைக்கிடை இறுகியிருந்த ஜோடியைப் பார்சலில் அனுப்பினேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. ஞானஜோதி சத்தமாக வாசித்தாள்.

"அன்புள்ள அண்ணனுக்கு, துப்பாக்கி உறை இரண்டும் கிடைத்தன. எனக்கு ஒன்று, சுபேதாருக்கு ஒன்று. அளவு கச்சிதம். இங்கே கால்தான் விறைக்கிறது. அண்ணியிடம் சொல்லி ஒரு ஜோடி காலுறை பின்னி அனுப்பவும்."