இருபத்துநான்கில் ஒரு பங்கு

டிப்போவில் அவருக்கு ஆமை என்று பெயர். இருபத்தேழு வருடமாகப் பேருந்து ஓட்டி, ஒரு சைக்கிளின் மட்கார்டைக்கூட உரசாத மனிதர். விளக்கு மஞ்சளுக்கு மாறினாலே கால் தானாகப் பிரேக்குக்குப் போய்விடும். "ஆமை அண்ணன் வண்டியில ஏறினா நாளைக்கு வேலைக்கு இன்னைக்கே கிளம்பணும்" என்று மற்ற ஓட்டுநர்கள் கேலி செய்வார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொள்வார்.

அப்பேர்ப்பட்டவரின் பேருந்துக்கு முன்னால்தான் ஒரு பெண்ணின் கார் வந்து விழுந்தது. காலை எட்டேகால் மணி. நாலு சாலை சேரும் இடத்தில் அவருக்குப் பச்சை விளக்கு. அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த சின்ன நீலக் கார் ஒன்று, என்ன நினைத்துக்கொண்டதோ, சடாரென்று திரும்பிச் சிவப்பு விளக்கைத் தாண்டிக் குறுக்கே பாய்ந்தது. அவர் பிரேக்கின் மேல் ஏறியே நின்றுவிட்டார். பன்னிரண்டு டன் வண்டி சொன்ன சொல்லைக் கேட்டு உடனே நிற்குமா? காரை ஓட்டி வந்தவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. அங்கேயே முடிந்துபோயிற்று.

விசாரணையில் கேமராப் படத்தை மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள். ஓட்டுநர்மேல் தவறில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். "நல்லவேளை, தப்பிச்சீங்க" என்று ஆளாளுக்குக் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அந்தக் கை அடுத்த வாரம் ஸ்டீயரிங்கைத் தொட்டதும் வெடவெடவென்று நடுங்கியது. ஒரு நாள், இரண்டு நாள் பார்த்துவிட்டு, மேலாளர் அவரைத் தொலைந்த பொருள்கள் அறைக்கு மாற்றினார். மறந்துவிட்டுப்போன குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள் ஆகியவற்றின் நடுவே ஒரு நாற்காலி. அதில் போய் உட்கார்ந்தார்.

மருத்துவர் மாத்திரை கொடுத்துவிட்டு, "கையை வச்சு நுணுக்கமா ஏதாவது செய்யுங்க. மனசு தன்னால கையைப் பின்தொடரும்" என்றார்.

அவருக்கு என்ன நுணுக்கம் தெரியும் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை மனைவிக்கு. "ஏன், கார் செய்வீங்களே? நான் கல்யாணமாகி வந்தப்போ வீடு முழுக்க அதுதானே. ஆறு காரும் ஒரு ஜீப்பும். ஏழு சக்களத்தி இருக்கிற வீட்டுல வந்து விழுந்துட்டோமேன்னு நினைச்சேன்."

உண்மைதான். நிஜக் காரை இருபத்துநான்கில் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் கிட்டுகளை வாங்கி, வெட்டி, ஒட்டி, வர்ணம் அடித்து, அச்சு அசலாக நிறுத்துவது ஒருகாலத்தில் அவருடைய பைத்தியம். மகள் பிறந்ததும் பசை நாற்றம் குழந்தைக்கு ஆகாது என்று ஏறக்கட்டினார். அவள் வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்குப் போன பிறகும் அவருக்கு அந்த நினைப்பே வரவில்லை.

மனைவிக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. தலையில் மாட்டிக்கொள்ளும் பூதக்கண்ணாடி ஒன்றைக் கடையிலிருந்து கொண்டுவந்தாள். மகளின் அறையில் ஜன்னலோரமாக மேசையைப் போட்டாள். அவர் முதல் கிட்டைப் பிரித்தார். பிளாஸ்டிக் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்த கதவுக் கைப்பிடியை நறுக்கி எடுத்து, நறுக்கிய இடத்தை உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தார். பத்து நிமிடம் கழித்துத்தான் கவனித்தார், கை நடுங்கவில்லை. அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவள் ஓடி வந்து அந்தக் கையைப் பார்த்துவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போனாள்.

முதலில் ஒரு சிவப்புப் பந்தயக் கார். பழக்கம் விட்டுப்போனதால் கண்ணாடியில் பசை படிந்து பனி மூடியதுபோல் ஆகிவிட்டது. இரண்டாவது ஒரு பழைய வேன். அதில்தான் கை பழையபடி படிந்தது. பஞ்சுத் துண்டை நுனியில் மட்டும் தோய்த்து ஒற்றி ஒற்றிச் சக்கரத்துக்கு மேலே துரு ஏற்றினார். சாக்குக்கட்டியைப் பொடித்து அடிப்பகுதியில் சேறு பூசினார். "தொட்டா கையில ஒட்டிக்கும்போல இருக்கே" என்றாள் மனைவி. ராத்திரி தூங்கவும் செய்தார். வீடு மெல்ல மூச்சு விட்டது.

மூன்றாவது கிட்டுக்குக் கடைக்குப் போன் செய்தபோது கடைக்காரரே அசந்துபோனார். "இதையா கேட்கறீங்க? தெருவுக்கு நூறு ஓடுற வண்டி. இதையெல்லாம் யாரும் செய்ய மாட்டாங்களே. நல்ல ஸ்போர்ட்ஸ் கார் வந்திருக்கு, அனுப்பட்டுமா?"

"இல்லைங்க. எனக்கு இதுதான் வேணும்."

சும்மா ஒரு மாற்றத்துக்கு, சாதாரண வண்டியை நிஜம்போலச் செய்வதுதான் கஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சொல்லிக்கொண்டே நீலத்தில் சாம்பலைச் சொட்டுச் சொட்டாகக் கலந்தார். ஐந்து மூடிகளில் ஐந்து நீலம் கலந்தும் எதுவும் அந்த நீலம் ஆகவில்லை. ஆறாவது ஆனது. பிறகு இடது பக்கக் கண்ணாடியை உடைத்து, கறுப்பு டேப் சுற்றி ஒட்டினார். பின்கண்ணாடியில் வெயில் மறைக்கும் தாள், ஒரு மூலை உரிந்து தொங்குகிற மாதிரி. பின் சீட்டில் வெள்ளைக் காகிதப் பைகள், ஒவ்வொன்றும் அரிசிமணி அளவு. நசுங்கிய காரை அவர் செய்யவில்லை. அவர் செய்தது நசுங்குவதற்கு ஒரு கணம் முன்னால் இருந்த கார்.

மனைவி அதைப் பார்த்தாள். அன்றைக்குப் பத்திரிகையில் வந்த படத்தையும் அவள் பார்த்திருந்தாள். தேநீரை வைத்துவிட்டுப் போனாள். கேட்டால் உடைந்துவிடுவாரோ என்ற பயம் அவளுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"யாராவது இருக்கீங்களா?"

உள்ளறையில் இருந்தவரின் கையிலிருந்து இடுக்கி நழுவித் தரையில் விழுந்தது. அந்தக் குரல் அவருக்குத் தெரியும். முகத்தைப் பார்த்ததில்லை, பெயர் தெரியாது, ஆனால் ஏழு மாதமாகத் தினமும் கேட்டுக்கொண்டிருக்கும் குரல்.

எழுந்து கதவைச் சாத்துவதற்குள் மனைவி அந்த ஆளை அறைவாசலுக்கே அழைத்து வந்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும். சட்டைப் பையில் இரண்டு பேனா, சவரம் செய்யாத முகம்.

"டிப்போவில விலாசம் கேட்டு வாங்கினேன்" என்றார் வந்தவர். "நான் மருந்துக்கடை வச்சிருக்கேன். அந்தக் காரை ஓட்டினது என் மனைவி. சண்டை போட வரல. உங்க மேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும். ஒரே ஒரு விஷயம் கேட்கணும், கேட்டுட்டுப் போயிடுவேன்."

"உட்காருங்க சார்" என்று மட்டும் இவருக்குச் சொல்ல வந்தது.

மருந்துக்கடைக்காரர் உட்காரவில்லை. "கடைச் சாவியைக் கைப்பையில போட்டுக்கிட்டு அவ பாட்டுக்கு வேலைக்குக் கிளம்பிட்டா. கடை வாசல்ல ஆளுங்க நிக்குறாங்க. நான் போன் போட்டுக் கத்தறேன், திரும்பி வா, இப்பவே திரும்பி வான்னு. அவளும் பதிலுக்குக் கத்தினா. அப்புறம் ஒரு சத்தம். நான் ஹலோ ஹலோன்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன், லைன் அப்படியே இருக்கு. அப்புறம் கட் ஆச்சு. போன் கம்பெனியில பார்த்துட்டேன். சத்தம் கேட்டதுக்கு அப்புறம் நாற்பது விநாடிக்கு மேல லைன் இருந்திருக்கு. தானா நிக்கல, அவ பக்கத்துலருந்து யாரோ அமுக்கியிருக்காங்க." ஒரு அடி முன்னால் வந்தார். "அது அவளா? அவ கட் பண்ணியிருந்தா அவளுக்கு அப்போ உயிர் இருந்திருக்கணும். அதைத்தான் கேட்க வந்தேன். முதல்ல காருகிட்டப் போனது நீங்கதானே?"

"போனையெல்லாம் நான் கவனிக்கல சார்" என்றார் இவர். விசாரணையிலும் இதையேதான் சொல்லியிருந்தார்.

மருந்துக்கடைக்காரர் தலையாட்டினார். திரும்பியவரின் கண் மேசையில் பட்டது. இன்னும் மேல்கூடு பொருத்தாத கார். டேப் சுற்றிய கண்ணாடி. காகிதப் பைகள். மெல்லக் குனிந்தார். அவர் முகத்தில் என்ன ஓடியது என்று இவருக்குப் பார்க்கத் தைரியமில்லை.

காருக்குப் பக்கத்தில் ஒரு பெயிண்ட் மூடி கவிழ்த்து வைத்திருந்தது. அதன் மேல் நகக்கீறல் அளவில் ஒரு பொருள். ஆறு மில்லிமீட்டர் நீளம். மஞ்சள் உறை போட்ட ஒரு கைபேசி. உறையின் மேல்மூலை உடைந்திருந்தது. அதைப் பத்து நாளாக இவர் காருக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார்.

மருந்துக்கடைக்காரர் அதை விரல்நுனியில் ஒற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"கவனிக்கலைன்னீங்க" என்றார்.

இவர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் சார் கட் பண்ணேன்."

மனைவி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்ஜின் ஓடிக்கிட்டே இருந்துச்சு. தீப்பிடிச்சிடும்னு கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பினேன். கீழே, பிரேக்குக்குப் பக்கத்துல போன் கிடந்துச்சு. அதுலருந்து உங்க குரல். ஹலோ ஹலோ, திரும்பி வா, பேசு, பேசுன்னு. நிக்கவே இல்லை. என்னால கேட்க முடியல. எடுத்தேன். ஏதாவது சொல்லணும்னுதான் எடுத்தேன். வாயே வரல. அமுக்கிட்டு, எடுத்த இடத்துலயே வச்சிட்டேன்."

"அப்போ அவ கட் பண்ணல" என்றார் மருந்துக்கடைக்காரர். இன்னொரு தடவையும் அதையே சொன்னார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தார்.

விரல்நுனியில் இருந்த கைபேசியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அவ கோவத்துல கட் பண்ணிட்டான்னு நினைச்சேன். அந்தச் சத்தம் அவ போனை வீசினதுன்னு நினைச்சேன். நீயா கூப்பிடுற வரைக்கும் நானும் கூப்பிட மாட்டேன்னு பக்கத்துக் கடையில போய் டீ குடிச்சேன். பேப்பர் படிச்சேன். ரெண்டு மணி நேரம். போலீஸ்காரர் கூப்பிடுற வரைக்கும் வீம்பா உட்கார்ந்திருந்தேன். அந்த இடத்துக்கும் எங்க கடைக்கும் நாலு நிமிஷம்தான். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விபத்துன்னு, ஒரே ஒரு வார்த்தை."

"ஆமாம்."

"அப்போ உயிர் இருந்துச்சா?"

இருந்தது என்று சொன்னாலும் கொடுமை, இல்லை என்றாலும் கொடுமை. உண்மையோ இரண்டைவிடவும் மோசமாக இருந்தது. "தெரியாது தம்பி. நான் முகத்தைப் பார்க்கல. போனைத்தான் பார்த்தேன்."

அடித்தால் தேவலை என்று இருந்தது இவருக்கு. மருந்துக்கடைக்காரர் அடிக்கவில்லை. கைபேசியைப் பத்திரமாக மூடியின் மேல் வைத்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போனவர் நின்று, காரைப் பார்க்காமலே சொன்னார்: "சீட்டு ரொம்பப் பின்னாடி இருக்கு. அவ குள்ளம். ஸ்டீயரிங்கோட ஒட்டிக்கிட்டுத்தான் ஓட்டுவா."

மருந்துக்கடைக்காரர் போன பிறகு மனைவி கட்டிலில் வந்து உட்கார்ந்தாள். "ஏழு மாசம். என்கிட்டகூடச் சொல்லலையே நீங்க."

"சொன்னா நீ ஆறுதல் சொல்லுவ."

அவள் சொல்லத்தான் செய்திருப்பாள். இப்போதும் நாக்கின் நுனியில் அதுதான் இருந்தது.

மறுநாள் அவர் விசாரணை அதிகாரியிடம் போனார். "பைல் மூடியாச்சு பெரியவரே, இதை இப்போ சொல்லி என்ன ஆகப்போகுது? வீட்டுக்குப் போங்க" என்றார் அதிகாரி. இவர் நகரவில்லை. கடைசியில் ஒரு தாளைத் தள்ளினார்கள். நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். திரும்ப வண்டி ஓட்டக் கூப்பிட்டால் இனி வரமாட்டேன் என்று மேலாளரிடமும் அன்றைக்கே சொல்லிவிட்டார்.

காரின் சீட்டைப் பெயர்ப்பது லேசாக இல்லை. பசை இறுகிப்போயிருந்தது. கத்தியை உள்ளே விட்டு நெம்பியபோது அடிப்பாகம் இரண்டாகப் பிளந்தது. வேறு பிளாஸ்டிக் வெட்டிப் புதிதாக ஒன்று செய்து, இரண்டு மில்லிமீட்டர் முன்னால் தள்ளி ஒட்டினார். மேல்கூட்டைப் பொருத்தி, சுற்றிலும் பசையிட்டு, காயும்வரை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். கைபேசியைப் பிரேக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இனி எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் அது தெரியாது.

மனைவியிடம் சொல்லியிருந்தபடியே, அடுத்த வாரம் வேலை முடிந்து வரும்போது ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி, மருந்துக்கடை இருக்கும் தெருவில் நடந்தார். காரை எடுத்துப் போகவில்லை. எதைச் சொல்லப் போகிறோம் என்றும் தெரியவில்லை. கடை திறந்திருந்தது. மருந்துக்கடைக்காரர் குனிந்து, மாத்திரை அட்டையைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். சாலைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு மருந்துக்கடைக்காரர் அடுத்த ஆளின் மருந்துச் சீட்டை வாங்கிப் படிக்க ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மனைவி கேட்டாள், "பார்த்தாரா?"

"பார்த்தார்."

"ஏதாவது சொன்னாரா?"

"இல்லை" என்றார். "கடையில கூட்டம்."