சாக்கடையில் விழும் ஆடு

பாசிர் மாஸ் ஆற்றோரத்து அந்த இஸ்லாமியப் பாலர் பள்ளியில் மலாய் மொழியை அரபு வடிவில் எழுதும் ஜாவி எழுத்து தெரியாத பிள்ளை ஒன்றுகூட இல்லை. ஆனால் டேப்லெட்டில் ஓடும் ஜாவி செயலியில் மாவட்டத்திலேயே கடைசி இடம் அந்தப் பள்ளிக்குத்தான். ஆசிரியை சல்வானியின் வேலை இந்த இரண்டுக்கும் நடுவில் ஊசலாடிக்கொண்டிருந்தது.

எல்லாம் ஓர் ஆட்டால் வந்த வினை. செயலி ஓர் எழுத்தின் ஒலியைச் சொல்லும். திரையில் நான்கு எழுத்துகள் வரும். சரியானதைத் தொட்டால் ஒரு மஞ்சள் நட்சத்திரம் அசட்டுத்தனமாக மின்னிவிட்டுப் போகும். தவறானதைத் தொட்டாலோ, தொப்பி போட்ட ஓர் ஆடு அலறிக்கொண்டு சாக்கடையில் தலைகுப்புற விழும். பிள்ளை வெட்கப்பட்டுத் திருந்தும் என்று நம்பி அதை வரைந்த புண்ணியவான் வாழ்நாளில் ஒரு பிள்ளையையும் பார்த்ததில்லை போலும்.

மதிப்பெண் ஏறாவிட்டால் டேப்லெட்டுகள் அக்கரைப் பள்ளிக்குப் போய்விடும். அவற்றுக்காகவே வேலைக்கு வைக்கப்பட்ட சல்வானி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மிரட்டினாள், கெஞ்சினாள், பொரித்த கெரோப்போக் அப்பளம் வாங்கிக் கொடுத்தாள். கெரோப்போக்கைத் தின்ற எண்ணெய் விரலாலேயே ஆட்டைத் தள்ளிவிட்டார்கள்.

இன்று, உஸ்தாஸ் என்று எல்லாரும் மரியாதையாக அழைக்கும் மாவட்ட அதிகாரி தர்மிஸி நேரில் வந்துவிட்டார். அவருக்கு முன்னால் அவர் தொந்தி வந்தது.

"என்ன டீச்சர் இது? ஒரு பிள்ளைகூட ஒரு கேள்விக்கும் சரியா பதில் சொல்லல?"

"அதைத்தான் நானும் சொல்றேன் உஸ்தாஸ். ஒண்ணும் தெரியாதவன் கண்ண மூடிட்டுத் தொட்டாக்கூட எப்பவாவது சரியா வந்துடும். இவங்க ஒருதடவகூட தப்பித்தவறி சரியா தொடல. அதுக்கு எவ்வளவு தெரிஞ்சிருக்கணும்!"

தர்மிஸி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு முன்வரிசையில் மூக்கை நோண்டிக்கொண்டிருந்த இஃபாவிடம் சுண்ணாம்புக்கட்டியை நீட்டினார். "கம்பிங்னு எழுதும்மா, பார்ப்போம்."

ஆட்டைக் குறிக்கும் அந்தச் சொல்லை அவள் வலமிருந்து இடமாக மளமளவென்று எழுதி, கடைசி எழுத்தின் தலையில் மூன்று புள்ளியும் குத்தினாள். பிறகு கரும்பலகையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன பார்க்கிற?"

"ஒண்ணுமே விழலையே."

தர்மிஸிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "தெரியுது டீச்சர், நல்லாவே தெரியுது. ஆனா நான் கரும்பலகையத் தூக்கிட்டா போக முடியும்? மேல இருக்கிறவங்களுக்கு எண்ணு வேணும். இன்னிக்கே வேணும். இல்லன்னா டேப்லெட்ட வண்டியில ஏத்த வேண்டியதுதான்."

சல்வானி அந்தத் தொந்தியையும் மூலையில் அடுக்கியிருந்த தூக்க மெத்தைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். போகிற வேலை எப்படியும் போகப்போகிறது.

"பிள்ளைங்களா! இனிமே சரியா தொட்டா நம்ம உஸ்தாஸ் அந்த மெத்தையில விழுவாரு!"

"டீச்சர்!" என்றார் தர்மிஸி.

அதற்குள் வகுப்பே டேப்லெட்டுகளின்மேல் பாய்ந்திருந்தது. முதல் நட்சத்திரம் இஃபாவுடையது. மின்னியது, மறைந்தது. எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின.

தர்மிஸி வாசலைப் பார்த்தார். ஓட்டுநர் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தான். மாவட்டத்தின் கடைசி எண் தன் தலையிலும்தான் விடியும் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றி சல்வானியின் கையில் கொடுத்தார். பிஸ்மில்லா சொல்லி, தொம்மென்று விழுந்தார்.

கூரை பிய்த்துக்கொள்ளும்படி ஒரு கூச்சல். அடுத்த நட்சத்திரம், அதற்கடுத்தது, ஒரே நேரத்தில் மூன்று. சல்வானியின் திரையில் எண் கிடுகிடுவென ஏறியது. மெத்தையில் கிடந்த தர்மிஸி ஒரு கையை ஊன்றி எழப் பார்த்தார்.

"உஸ்தாஸ், இது செல்லாது," என்றாள் இஃபா, இடுப்பில் கைவைத்து. "நீங்க கத்தவே இல்ல."