அடித்துவிட்ட நான்காம் பக்கம்

பக்கத்து வீட்டு மதீனா பீவியைப் பிடித்துக்கொண்டு போனதற்கு அவருடைய தங்கை ஹமீதுன்னிசாதான் காரணம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். தங்கை செய்த குற்றம் இவ்வளவுதான்: கண் ஆஸ்பத்திரிக்காகப் பெகுவிலிருந்து கிளம்பிய பஸ் வழியில் நின்றுபோய், ரங்கூன் வந்து சேர இரவு ஒன்பதாகிவிட்டது.

வெளியாள் ஒருவர் நம் வீட்டில் ஓர் இரவு படுத்தாலும் வார்டு அலுவலகத்தில் எஸாயின், அதாவது விருந்தாளிப் பட்டியல், எழுத வேண்டும். கூடப்பிறந்தவளாக இருந்தாலும் சரி, பெற்ற பிள்ளையாக இருந்தாலும் சரி. அலுவலகத்தை எட்டு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். ஒன்பது மணிக்கு வந்தவளை எங்கே போய் எழுதுவது? காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று மதீனா பீவி நினைத்தார். அன்றைக்கென்று போலீஸ் சோதனை வந்தது. முன்கதவைத் தட்டினால் ஆள் நழுவிவிடும் என்று பின்சந்துச் சுவர் ஏறிக் குதித்து, அடுப்படி வழியாக உள்ளே வந்தார்கள். வார்டுத் தலைவரே முன்னால் நின்றார். இரண்டு கண்ணிலும் புரை விழுந்த பெண் எந்தப் பக்கம் நழுவுவாள் என்று அவர்களில் ஒருவனும் யோசிக்கவில்லை.

தங்கையை, ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டவும் விடாமல், மறுநாள் பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அக்காளுக்கு ஏழு நாள் காவல்.

இது தொண்ணூற்று நான்காம் வருடத்து மழைக்காலத்தில் நடந்தது. நான் போட்டாதாங் படகுத்துறைக்குப் பக்கத்தில் ஐஸ் ஆலையில் இரவு வேலை பார்த்தேன். காலையில் பசுந்தாங் பேட்டையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பக்கத்து வீடு திறந்து கிடந்தது. வடைக்கு ஊறப்போட்ட பருப்பு தரையெங்கும் சிதறி, மேலே பூட்ஸ் தடம். மதீனா பீவி வடை சுட்டு விற்றுப் பிழைப்பவர். எனக்கு அக்கா கிடையாது. அவரைத்தான் லாத்தா என்று கூப்பிடுவேன்.

மூன்றாம் நாள் பள்ளிவாசல் நிர்வாகியான முத்தவல்லி நெய்னா முகம்மது என்னை ஆள் விட்டுக் கூப்பிட்டார். பள்ளிவாசலைச் சுற்றிய எங்கள் மஹல்லாவின் பெரிய மனிதர், குடைக்கடை முதலாளி. அவர் கையெழுத்துப் போட்டால் வார்டு அலுவலகத்தில் செல்லும். லாத்தா விஷயமாகத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன்.

"எப்பா சிக்கந்தரு, யூனிவர்சிட்டி வாசல மிதிச்சவன் நம்ம மஹல்லாவுல நீ ஒருத்தன்தான்."

"ரெண்டு வருஷம் மாமு. எம்பத்தெட்டுப் போராட்டத்துல பூட்டிட்டானுவ."

"பூட்டுனவன் தொறந்தான்ல. நீதான போவல." சிரித்துக்கொண்டார். "ஞாயித்துக்கிழம மீலாது விழா. ஓக்கட்டாவ வரச் சொல்லியிருக்கேன்." வார்டுத் தலைவரை எல்லோரும் ஓக்கட்டா என்றுதான் சொல்வார்கள். "உமர் ரலியல்லாஹு எப்படி நிர்வாகம் பண்ணாங்க, எப்படிக் காவல் பாத்தாங்கன்னு அர மணி நேரத்துக்கு எழுதிக் குடு. நான் தமிழ்ல படிப்பேன். நீ பக்கத்துல நின்னு பர்மால சொல்லு."

நான் எழுதினேன். பகல் தூக்கத்தை விட்டுவிட்டு ஒரே மூச்சில் நான்கு பக்கம். முதல் பக்கத்தில் கலீஃபா உமர் பதிவேடு ஏற்படுத்தியது. விதவைக்கும் பால்குடிப் பிள்ளைக்கும் பங்கு போய்ச் சேரத்தான் அதில் பெயர் எழுதினார்கள். பிடித்துக்கொண்டு போக அல்ல. இரண்டாம் பக்கத்தில் இரவுக் காவல். பசித்து அழுத பிள்ளைகளுக்காக அவரே மாவு மூட்டையைத் தோளில் தூக்கிப் போனது. மூன்றாம் பக்கத்தில் ஆளுநர்களை நியமிக்கும்போதே அவர்கள் சொத்தைப் பட்டியல் எடுத்தது, ஹஜ்ஜுக்கு வந்த ஜனங்களிடம் உங்கள் அதிகாரி மேல் என்ன புகார் என்று நேருக்கு நேர் கேட்டது.

நான்காம் பக்கம் சுவர் ஏறிய கதை. ஓர் இரவில் ஒரு வீட்டுக்குள் தப்பு நடக்கிறதென்று சந்தேகப்பட்டு உமர் சுவரேறி உள்ளே இறங்குகிறார். பிடிபட்டவன் கேட்கிறான்: நான் ஒரு பாவம் செய்தேன், நீங்கள் மூன்று செய்தீர்கள். ஒளிந்து பார்த்தீர்கள், வாசல் வழியாக வரவில்லை, சலாம் சொல்லி அனுமதி கேட்கவில்லை. மூன்றையும் இறைவன் தடுத்திருக்கிறான். பாதி உலகத்தை ஆண்ட மனிதர் தலையைக் குனிந்துகொண்டு, அவனை விட்டுவிட்டுத் திரும்பிப் போனார்.

முத்தவல்லி படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எந்தலையில கொள்ளி வக்கிறியா?"

"மாமு, இது நான் கட்டுன கதையா? நீங்களே பள்ளியில எத்தன பயான்ல கேட்டிருப்பீங்க."

"கேட்டிருக்கேன். ஓக்கட்டா பக்கத்துல உக்காந்து கேட்டதில்ல. பள்ளி கூரையப் பிரிச்சுக் கட்ட அனுமதி கேட்டு எட்டு மாசமாச்சு. சஃபு வரிசைக்கு நடுவுல ஒழுவுற தண்ணிக்கு வாளி வச்சுத் தொழுவுறோம். மூணாம் பக்கத்துச் சொத்துக் கணக்க அடி. நாலாம் பக்கம் முழுசா அடி."

ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஓர் அரபி அரசன் முன்னால் ஒருவன் வீட்டுக்குள் நின்று கேட்டுவிட்டான். இங்கே அதைப் படித்துக் காட்டக்கூட அனுமதிச் சீட்டு வேண்டுமாம். எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேரம் பேசினேன்.

"அடிச்சிர்றேன். நீங்க மதீனா லாத்தாவுக்கு ஜாமீன் கையெழுத்து போடுங்க. இன்னிக்கே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளினார். "நீயே அடி."

அடித்தேன். 'இனிமேல் இந்தப் பெண்ணால் எந்தத் தொந்தரவும் வராது' என்ற தாளில் அவர் கையெழுத்துப் போட்டார். சாயங்காலம் லாத்தா வீட்டுக்கு வந்து, முதல் வேலையாகத் தரையைக் கழுவிவிட்டார். ஏன் விட்டார்கள் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விழா. முத்தவல்லி படித்தார், நான் பர்மிய மொழியில் சொன்னேன். பதிவேடு, இரவுக் காவல், மாவு மூட்டை. எல்லாம் சுபம். ஓக்கட்டா மாலையோடு எழுந்தார்.

"உங்கள் உமர் இரவில் தெருத்தெருவாக நடந்தார் என்று கேட்டு மகிழ்ந்தேன். நானும் அதையேதான் செய்கிறேன். பெயர்ப் பட்டியலும் வைத்திருக்கிறேன். மக்கள் தூங்கும்போது நான் தூங்குவதில்லை."

இதை நான் என் வாயால் தமிழில் சொன்னேன். கை தட்டினார்கள். மூன்று பக்கத்தை எழுதி, நான்காவதை அடித்து, அவனுக்கு நான் தைத்துக் கொடுத்த சட்டை அது. அளவு சரியாக இருந்தது.

பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"சிக்கந்தரு! செவரு ஏறுன கதைய ஏன்பா விட்டுட்டீங்க?"

லாத்தாதான். கை தட்டியவர்கள் திரைப் பக்கம் திரும்பினார்கள்.

"கலீஃபா தப்புன்னு தெரிஞ்சதும் தலையக் குனிஞ்சிக்கிட்டுத் திரும்பிப் போனாவ. எம்மூட்டு அடுப்படியில குதிச்சவரு எம்பருப்ப மிதிச்சிக்கிட்டு என்னையும்ல இழுத்துக்கிட்டுப் போனாரு. அவரு எப்படி உமரு ஆவாரு?"

ஓக்கட்டா என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறார்?"

முத்தவல்லியின் விரல்கள் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தன.

"தன்னை விடுதலை செய்ததற்கு நன்றி சொல்கிறார்" என்றேன்.

ஓக்கட்டா புன்னகைத்தார். திரை விலகியது. லாத்தா சந்தையில் இருபது வருடம் விற்ற பெண். அவருடைய பர்மிய மொழி என்னுடையதைவிடச் சுத்தம்.

"இவன் பொய் சொல்கிறான். நான் நன்றி சொல்லவில்லை" என்று ஆரம்பித்து, மூன்று தப்பையும் ஒன்றுவிடாமல் நிதானமாகச் சொன்னார்.

ஓக்கட்டா கோபப்படவில்லை. முத்தவல்லியிடம், "இவருக்கு ஜாமீன் உங்கள் கையெழுத்துதானே?" என்று மட்டும் கேட்டுவிட்டு, மாலையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

கையெழுத்தை அன்று மாலையே முத்தவல்லி திரும்ப வாங்கிக்கொண்டார். கூரைக்கு அனுமதியும் வரவில்லை. லாத்தா யாரும் வந்து இழுக்கும்வரை காத்திருக்கவில்லை. திங்கட்கிழமை காலை மாற்றுத்துணியோடு தானே காவலுக்குக் கிளம்பினார். மூட்டையை வாங்கிக்கொண்டு கூடப் போனேன்.

"அந்தப் பக்கத்த யாரு அடிச்சா?"

"மாமுதான் சொன்னாரு."

"பேனா யாரு கையில இருந்துச்சு?"

"எங்கையில."

"எனக்காவவா?"

"ஆமா லாத்தா."

"நான் கேட்டனா ஒன்ன?" நடுத்தெருவில் நின்றுவிட்டார். "ஏழு நாளுல மூணு இருந்துட்டேன். மிச்சம் நாலு. நாலு நாளுக்காவ உமரு ரலியல்லாஹுவ வித்துட்டியே, வெக்கங்கெட்டவனே."

மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு தனியாகப் போனார்.

காவலில் இருப்பவர்களுக்கு வீட்டிலிருந்துதான் சோறு. தினமும் ஆலையிலிருந்து வந்ததும் சமைத்து அடுக்குப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாள் தொடாமல் திரும்பி வந்தது. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அடுக்கு காலியாக வந்தது. மனசு இறங்கிவிட்டார் என்று நினைத்தேன்.

"அந்த அம்மா இன்றைக்கும் வேண்டாமென்றுவிட்டது" என்றான் காவலாளி, பல்லைக் குத்திக்கொண்டே. "மீன் நன்றாக இருந்தது. நாளைக்குக் காரம் கொஞ்சம் குறை."