கேப்டனின் கறுப்புக் குதிரை வெளுத்த கதை

எங்கள் லோமெட்ஸ் ஊர்க் குதிரைப்படையில் முதல் அணிக்குச் சிவலைக் குதிரை, இரண்டாம் அணிக்குப் பழுப்பு, மூன்றாம் அணிக்குக் கறுப்பு. வெள்ளைக் குதிரை எக்காளம் ஊதுகிறவனுக்கு மட்டும். புழுதியிலும் புகையிலும் அவன் எங்கே நிற்கிறான் என்று தளபதிக்குத் தெரிய வேண்டுமாம். லாயத்து வாசலுக்கு நேரெதிரே எங்கள் ரொட்டிக்கடை; அதனால்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும். நானாகப் போய் எட்டிப் பார்த்ததில்லை.

மூன்றாம் அணியின் கேப்டன் ரூடிகர் வான் ட்ரவுன்ஹோஃபுக்கு இந்த நிறச் சட்டத்தில் அப்படியொரு பிடிவாதம். நெற்றியில் நகத்தளவு வெள்ளை இருந்ததற்காக ஒரு நல்ல குதிரையை பீர் வண்டிக்குத் தள்ளிவிட்டவர். காலையில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குதிரையின் முதுகிலும் தடவுவார். கையுறையில் அழுக்கு பட்டால் அந்தச் சிப்பாய் ஒரு வாரம் சாணி அள்ள வேண்டும்.

அவருடைய சொந்தக் குதிரை சுல்தான். லிப்பிசான் இனம். மூன்று வயதில் வாங்கும்போது மை மாதிரி இருந்தது. அந்த இனத்துக் குட்டி கறுப்பாகப் பிறந்து, வளர வளர வெளுத்துவிடும் என்பது எங்கள் தெருவில் பால் ஊற்றுகிறவளுக்குக்கூடத் தெரியும். ஆனால் கேப்டன் குதிரை இனங்களைப் பற்றிப் புத்தகம் வைத்திருக்கிறவர். அவரிடம் போய் யார் சொல்வது?

மனிதர்கள் யாரிடமும் அவர் கனிவாகப் பேசி நான் கேட்டதில்லை. சுல்தானிடம் மட்டும் பேசுவார். என் கடையில் வாங்கும் பிளம் பணியாரத்தில் பாதி அதற்குத்தான்.

நாலு வருஷம் ஆயிற்று. இந்த வசந்தத்தில் அவருடைய பணியாள் புரோகோப் கையில் வாளியோடு வந்து நின்றான்.

"அக்கா, அடுப்புக் கரி கொஞ்சம் வேணும். பன்றிக் கொழுப்பு இருந்தா அதுவும்."

"எதுக்குடா?"

"பூட்ஸுக்கு."

"ஒரு வாளி கரியா? உங்க கேப்டனுக்கு எத்தனை காலுடா?"

அவன் அக்கம்பக்கம் பார்த்தான். "நாலு, அக்கா. அதுல மூணு வெளுத்துப்போச்சு. முகமும் சாம்பலாயிட்டு வருது. வெளியில சொல்லிராதீங்க. தெரிஞ்சா சுல்தான எக்காளக்காரனுக்குக் குடுத்துருவாங்க. ஐயா ராத்தூக்கமே இல்லாம கிடக்கறாரு."

நான் யாரிடமும் சொல்லவில்லை. தையல்காரியிடம் சொன்னேன்; அவள் வீட்டு மனுஷி மாதிரி.

எக்காளக்காரன் வாவ்ரினெக்கின் கிழட்டு வெள்ளைக் குதிரை அப்போது நொண்டிக்கொண்டிருந்தது. செய்தி அவன் காதுக்கு எப்படியோ போயிருக்கிறது. கடைக்கு வந்து, "என் புதுக் குதிரை நல்லா சாப்பிடுதா அக்கா?" என்று மெதுவாகக் கேட்டான்.

ஜெனரல் பார்வையிட வந்த நாள் நல்ல வெயில். ஒரு சொட்டு மழை இல்லை. கேப்டன் நிம்மதியாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஜன்னலில் தூசி இருந்ததால் அதை நான் துடைத்துக்கொண்டிருந்தேன். ஜெனரல் சுல்தானிடம் வந்தார். கழுத்தில் தடவினார். கையைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளைக் கையுறை எங்கள் அடுப்பு வாய் மாதிரி இருந்தது.

"என்னய்யா இது?"

"ஐயா, அது வந்து..."

"குதிரைய எத்தனை நாளாக் குளிப்பாட்டல? நீதான் அடுத்தவன் குதிரையில அழுக்குத் தேடறவனாமே?"

சாயம் என்ற எண்ணமே ஜெனரலுக்கு வரவில்லை. அழுக்கு என்றுதான் நினைத்தார். சாயம் என்று ஒப்புக்கொள்ளக் கேப்டனுக்கு வாய் வரவில்லை.

"தண்ணி கொண்டாங்க. என் கண் முன்னால தேய்ங்க."

எட்டு வாளி தண்ணீர் ஆயிற்று. சாணி அள்ளிய சிப்பாய்கள் எல்லாரும் கூப்பிடாமலே வந்து தேய்த்தார்கள். கறுப்பு ஓடைபோல வழிந்து எங்கள் வாசல்வரை வந்தது. நடுவில் சாம்பலும் வெள்ளையுமாக சுல்தான் நின்று சுகமாகத் தலையை உதறிற்று.

"வெள்ளைக் குதிரைய வச்சுக்கிட்டு இங்க என்ன பண்ற? யாருப்பா எக்காளக்காரன்?" என்றார் ஜெனரல்.

வாவ்ரினெக் கடிவாளத்தை வாங்கிக்கொண்டான். கேப்டனுக்குக் கிடைத்தது, உழவுக்கு ஏற்ற அகலமான பின்புறம் கொண்ட ஒரு கறுப்புக் குதிரை. உரோமம் ஒன்றுகூட வெள்ளை கிடையாது. அதற்கு அவர் பணியாரம் கொடுத்ததில்லை.

பிறகு கேப்டன் மேலிடத்துக்கு மனு எழுதினார். வெள்ளைக் குதிரை கேப்டனுக்குத்தான் பொருத்தம் என்று பதினொரு பக்கம். போன மாதம் பதில் வந்தது. புரோகோப் எனக்கு வாசித்துக் காட்டினான். சட்டத்தை மாற்ற முடியாதாம். எக்காளம் ஊதுகிறவர்தான் வெள்ளைக் குதிரை ஏறலாம். ஊதுகிறவர் எந்தப் பதவியில் இருக்க வேண்டும் என்று சட்டத்தில் குறிப்பிடப்படவில்லையாம்.

இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு என் கடைக்குப் பின்புறச் சுவருக்கு அப்பால் பாடம் நடக்கிறது. மாட்டை அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். அதற்குப் பின் வாவ்ரினெக்கின் பொறுமையான குரல்.

"ஐயா, கன்னத்த உப்பாதீங்க. உதட்ட இறுக்குங்க. நேத்தைக்கு இன்னைக்குப் பரவால்ல."

"சுல்தான் கேட்டுதாய்யா?"

"கேட்டுது ஐயா. காத மடக்கிக்கிச்சு."

பிறகு கேப்டன் மறுபடி ஊதுகிறார்.