யோசோவின் கோதுமை

யோசோ நான்கு ஆண்டுகளாகக் கடவுளோடு டூ விட்டிருந்தார். காரணம் இல்லாமல் இல்லை. விண்ணேற்புத் திருநாளன்று கோயில் பாடகர் குழுவில் நின்று அவர் தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், ஆலங்கட்டி மழை வந்து அவருடைய திராட்சைத் தோட்டத்தைத் துவம்சம் செய்துவிட்டுப் போனது. பக்கத்துத் தோட்டத்தில் ஓர் இலைகூட உதிரவில்லை. அந்தத் தோட்டக்காரனோ ஈஸ்டருக்குக்கூடக் கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காதவன். மனிதருக்குக் கோபம் வராதா? அன்றோடு கோயிலுக்குப் போவதை நிறுத்திவிட்டார்.

அவர் மனைவி ஷ்டெஃபிட்சாவுக்குத்தான் கஷ்டம். மற்ற ஞாயிறு போகட்டும், கிறிஸ்துமஸ் காலையில் அவர்கள் வாழும் ஸ்லவோனியா வட்டாரமே ஜோடி ஜோடியாகப் பூசைக்கு வந்து உட்காரும்போது, அவள் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பாள். திட்டிப் பார்த்தாள். நவநாள் செபம் சொன்னாள். பங்குச் சாமியாரை ஏவிவிட்டாள். கிழவர் எதற்கும் மசியவில்லை.

இந்த வருடம் டிசம்பர் பதின்மூன்றில், புனித லூசியா நாளில், எல்லா வீட்டிலும் செய்வதுபோல அவளும் தட்டில் கோதுமை விதைத்தாள். கிறிஸ்துமஸுக்குள் பயிர் செழித்தால் வரும் வருடமும் செழிக்கும் என்பது அங்கே நம்பிக்கை. விதைத்த கையோடு கணவரைப் பார்த்தாள்.

"இது நாலு விரல்கடை வளந்துச்சுன்னா, கிறிஸ்துமஸ் பூசைக்கு நீ வந்தாகணும். பந்தயம்."

"வளரட்டும், பாக்கலாம்," என்று யோசோ செய்தித்தாளைப் புரட்டினார்.

பத்து நாள் போயிற்று. ஊரெல்லாம் ஜன்னலுக்கு ஜன்னல் பச்சை. இவள் தட்டிலோ புளித்த வாடைதான் வந்தது. இருபத்து மூன்றாம் தேதி பக்கத்து வீட்டு காத்தா வந்து ஒரு மணியை எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

"அடி பைத்தியமே, இது சூப்புல போடற தீட்டின கோதுமைடி. முளையே போயிடுச்சு. நீ யோர்தான் தண்ணிய ஊத்தினாலும் முளைக்காது."

ஷ்டெஃபிட்சாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனாலும் விட மனமில்லை. 'ஆண்டவரே, கானாவூரில் தண்ணீரையே திராட்சை ரசமாக்கினீர், இது உமக்கு ஒரு காரியமா?' என்று கேட்டுவிட்டுத்தான் படுத்தாள்.

மறுநாள் காலை சந்தையில் கெண்டை மீன் வாங்கிக்கொண்டு திரும்பியவள், சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். தட்டில் ஆறு விரல்கடை உயரத்துக்குப் பச்சைப் பயிர். மீனைக் கீழே போட்டுவிட்டு முழங்காலில் விழுந்து சிலுவை போட்டுக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தால், வேர்ப் பின்னல் அடை மாதிரி வட்டமாக, தட்டின் விளிம்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தது. வேரில் நீலப் பெயிண்ட் துணுக்குகள் வேறு.

"யோசோ, ஆண்டவர் நம்ம கேட்டுக்கு அடிச்ச பெயிண்ட் டப்பா மூடியிலயா பயிர் வளத்தாரு?"

யோசோவின் காது சிவந்தது. "லூசியா அன்னிக்கே பாத்தேன். கண்ணாடி போடாம தப்பான பொட்டலத்த எடுத்த. கொட்டகையில நானும் கொஞ்சம் வெதச்சு வச்சேன்."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா, எனக்கு வர ஆசைன்னு தெரிஞ்சிடுமே."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "ஆசைய வச்சிக்கிட்டா கெழவா இத்தனை நாள் என்னை அலைய விட்ட?"

"அவர் மேல இருந்த கோவம் ரெண்டாம் வருஷமே போயிடுச்சு," என்றார் யோசோ, மீனை எடுத்துத் தொட்டியில் போட்டபடி. "நீ வைஞ்ச. ஜெபம் பண்ணின. சாமியாரைக் கெளப்பிவிட்ட. பந்தயம் கட்டின. 'எங்கூட வா யோசோ'ன்னு ஒரு தடவ கூப்பிட்டியா?"

ஷ்டெஃபிட்சா யோசித்துப் பார்த்தாள். உண்மைதான், ஒரு தடவைகூட இல்லை. கடவுளிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள், இந்த மனிதரிடம் கேட்டதே இல்லை. சிரிப்பு எங்கோ போய்விட்டது.

"எங்கூட வா யோசோ. தனியா உக்கார எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"வர்றேன்," என்றார் அவர்.

உள்ளே போய்க் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு, பொத்தானெல்லாம் போட்டு, தொப்பியோடு வாசலில் வந்து நின்றார். பூசைக்கு இன்னும் முழுசாக ஒரு நாள் இருந்தது.